உங்களுக்குத் தெரியுமா? மனநல ஆலோசகரின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் படிப்பு

● உளவியல் ஆலோசனை படிக்க வருபவர்களுக்கு முதலில் கிடைக்கும் கடினமான பயிற்சி, அறிவுரை சொல்லும் பழக்கத்தை விடுவது. மூன்று மூன்று பேராகப் பிரித்து உட்கார வைப்பார்கள். ஒருவர் தன் மனக்கஷ்டம் ஒன்றைப் பேசுவார். இன்னொருவர் கேட்பார். மூன்றாமவர் இருவரையும் கவனித்துக் குறிப்பெடுப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். கேட்பவர் இடையில் புகுந்து "நீங்க இப்படிச் செஞ்சு பாக்கலாமே" என்று ஆரம்பித்தால், அது குறிப்பில் ஏறிவிடும். அண்ணனாக, அக்காவாக, பெரியம்மாவாக வீட்டிலும் தெருவிலும் யோசனை சொல்லியே பழகியவர்களுக்கு இந்தப் பாடம் லேசில் வசப்படாது.

பிளஸ் டூவில் தோற்ற பையனிடம் "விடு தம்பி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர், "ரிசல்ட் வந்த நாள்லேருந்து அப்பா முகத்தைப் பாக்கவே முடியலன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் சொல்லுப்பா" என்பார். பையன் மனம் திறப்பது அப்போதுதான்.

● ஆலோசகர் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, வரிக்கு வரி எழுதி, வகுப்பில் வைத்து அலசும் முறை 80 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கார்ல் ரோஜர்ஸ், 1940களின் தொடக்கத்தில் இசைத்தட்டு போன்ற தட்டுகளில் இந்தச் சந்திப்புகளைப் பதிவு செய்தார். 1942இல் வெளிவந்த அவருடைய நூலில், புனைபெயர் கொடுக்கப்பட்ட ஒருவருடன் நடந்த சந்திப்புகள் அனைத்தும் முழு உரையாடலாக அச்சாயின. அதுவரை மூடிய கதவுக்குள் நடந்த வேலை அது. எங்கே ஆலோசகர் சரியாகக் கேட்டார், எங்கே அவசரப்பட்டார் என்று மாணவர்கள் கண்ணால் பார்த்துக் கற்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இதே ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்திய மூன்று குணங்கள் இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கின்றன: எதிரே இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்பது, அவர் இருக்கும் இடத்திலிருந்தே அவர் துயரை உணர்வது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிடலாம். ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கப் பழகுவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

● தொழில் வழிகாட்டல்தான் ஆலோசனைத் துறையின் முதல் வாசல். வேலை தேடி பாஸ்டன் நகரத்தில் குவிந்த இளைஞர்களுக்காக ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் ஓர் அலுவலகம் தொடங்கினார். உன்னை நீ அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த வழி. அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

● அமெரிக்கப் பள்ளிகளில் ஆலோசகர்கள் பெருகியதற்கு ஒரு ரஷ்ய செயற்கைக்கோளும் காரணம்! 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறியது. அறிவியல் திறமை உள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடித்து வளர்க்க வேண்டும் என்று 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்க அந்தச் சட்டத்தின் கீழ்தான் பணம் ஒதுக்கினார்கள்.

● அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஆலோசகராக என்னென்ன தேவை? முதலில் முதுகலைப் பட்டம். அங்கீகார அமைப்பின் தரப்படி அது 60 கிரெடிட் கொண்டது. படிக்கும்போதே 100 மணி நேர முதற்கட்டக் களப்பயிற்சி, அதன் பிறகு 600 மணி நேர உள்ளகப் பயிற்சி. அந்த 600இல் 240 மணி நேரமாவது உதவி தேடி வந்தவர்களோடு நேரடியாகப் பணியாற்றியதாக இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பின் தேர்வு. அதற்கும் மேலே, மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் பல்லாயிரம் மணி நேர வேலை. டெக்சாஸ் மாநிலத்தில் இது 3,000 மணி நேரம். எல்லாம் முடிந்த பிறகே தனியாக அறை போட்டு உட்காரலாம்.

இவ்வளவு கட்டுப்பாடும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆலோசகர்களுக்கு முதன்முதலில் உரிமச் சட்டம் இயற்றிய மாநிலம் வர்ஜீனியா, 1976இல். கடைசி மாநிலமாகக் கலிஃபோர்னியா சேர்ந்தது 2009இல். 33 ஆண்டுகள்!

● பிரிட்டனில் 'கவுன்சிலர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. தொழில் அமைப்புகள்தான் தரத்தைக் காக்கின்றன. அவற்றில் பெரியதான பிரிட்டிஷ் ஆலோசனை, உளசிகிச்சைச் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: தொழில் செய்யும் காலம் முழுக்க, மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தன் வேலையை இன்னொரு மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசியாக வேண்டும். 20 ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. நம் ஊரில் இந்த வழக்கம் வேர்பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிறர் துயரை நாள் முழுக்கக் கேட்பவருக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும்.

● இந்தியாவுக்கு வருவோம். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், உளவியல் ஆலோசகர் என்ற மூவரையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். மூன்று பேரின் படிப்பும் வேறு.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர். பயிற்சிக் காலத்தோடு அது ஐந்தரை ஆண்டு. அதன் மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., மூன்று ஆண்டு. மனநோய்க்கு மருந்து எழுதுவது அவர் வேலை. மற்ற இருவரும் மருந்து எழுதுவதில்லை.

மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பை, பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.ஃபில்., மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்தவர். மன்றத்தின் பதிவேட்டில் அவருக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. நல்ல உளவியலாளர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாமவரான ஆலோசகர் விஷயத்தில்தான் நம் நாட்டில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஆலோசனை உளவியலில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் போட்டுக்கொள்கிறார். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மனம் நொந்து கதவைத் தட்டும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து எது? 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாநில மன்றங்கள் வழியாகப் பதிவேடு வைக்கவும் அதில் வழி உண்டு. எல்லா மாநிலத்திலும் இது விரைவாக நடைமுறைக்கு வர வேண்டும்.

● மருத்துவ உளவியல் பயிற்சியின் இந்தியத் தாய்வீடு பெங்களூர். இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் முந்தைய வடிவமான அகில இந்திய மனநல நிறுவனத்தில் 1955இல் இதற்கான பட்டயப் படிப்பு தொடங்கியது. அதுவே பிற்காலத்தில் எம்.ஃபில். ஆனது. மற்றத் துறைகளில் எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. இந்தத் துறைக்குப் போக நினைப்பவர்கள் அடுத்து வரும் அறிவிப்புகளை மறுவாழ்வு மன்றத்தின் தளத்தில் தொடர்ந்து பார்த்து வருவது நல்லது.

● சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கிய ஆண்டு 1943. அதற்கும் முன்னால், 1916இலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை வந்துவிட்டது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, சமூகப்பணி வழியாக இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்குப் பெரிய வாசல். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் மருத்துவ, மனநல சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் மருத்துவமனைகளிலும் போதை மீட்பு மையங்களிலும் ஆலோசகர்களாக நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது சமூகப்பணிப் படிப்பின் பலம்.

● பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் பெரும்பாலான கல்லூரிகளில் இளங்கலை உளவியலில் சேரலாம். 'பயாலஜி படிக்கலையே' என்று தயங்க வேண்டியதில்லை. ஆனால் புள்ளியியல் படித்தே தீர வேண்டும்! ஆய்வு முடிவு நம்பத்தக்கதா, ஒரு சோதனைத்தாள் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

● வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாம் என்று திட்டமிட்டிருப்பவர்கள் கவனிக்கவும். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூரக் கல்வியிலும் இணையவழியிலும் உளவியல் படிப்புகளை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளுக்கு நேரடிப் பயிற்சி தேவை என்பதுதான் காரணம். குடும்பப் பொறுப்போடு 40 வயதில் இந்தத் துறைக்கு வர விரும்பும் பெண்களுக்கு அஞ்சல் வழி பெரிய துணையாக இருந்தது. அவர்களுக்காக மாலை நேரக் கல்லூரிகளிலாவது இடங்கள் பெருக வேண்டும். முடிவு மட்டும் சரியானது என்றே நினைக்கிறேன். அழுகிற ஒருவர் எதிரே எப்படி உட்கார்ந்திருப்பது என்பதைத் தபாலில் வரும் புத்தகம் கற்றுத்தராது.

● ஆசிரியர்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு ஓராண்டு. ஆறு மாதம் வீட்டிலிருந்து படிப்பு, மூன்று மாதம் மையத்தில் தங்கி நேரடிப் பயிற்சி, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பணி. தென்மாநிலத்தவர்களுக்கான மையம் மைசூரில் இருக்கிறது.

● அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான இடம் அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. மருந்து எதுவும் கைவசம் இல்லாத அந்த நாட்களில் நோயாளிக்குக் கொடுக்க முடிந்தது பேச்சுத்துணை மட்டுமே. சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கியபோது, ஊசி குத்தும் முன்பே உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் பகுதியாக இருந்தது.

பரிசோதனைக்கு முன்னால் ஒரு பேச்சு, முடிவு வந்த பின் ஒரு பேச்சு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இந்த இரண்டையும் பரிசோதனைக்கான ஒப்புதலோடு சேர்த்து வைத்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனை வரைக்கும் 'ஆலோசகர்' என்றொரு பணியிடம் பரவியதில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கணவனுக்குத் தொற்று என்று தெரிந்து, கைக்குழந்தையோடு வந்து நின்ற பெண்களிடம் அந்தச் சின்ன அறைகளில் பேசியவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை.

● குடும்ப நீதிமன்றத்திலும் ஆலோசகர் உண்டு. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. 'சேர்த்து வைப்பது' மட்டுமே அவர் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிவது என்று ஆன பிறகு, பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைச் சண்டையில்லாமல் பேசவும் அவர் தேவைப்படுகிறார்.

● "நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல, மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டால், பயிற்சி பெற்ற பள்ளி ஆலோசகர் "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க மாட்டார். ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் உயிர்நாடிதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலும் ரகசியத்தை மீறிச் சொல்ல வேண்டி வரும்.

அதனால் முதல் சந்திப்பிலேயே, குழந்தைக்குப் புரியும் சொற்களில் எல்லையைச் சொல்லிவிடக் கற்றுத்தருகிறார்கள்: "நீ சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்மா. உனக்கு ஏதாவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உன்னைக் காப்பாத்துறதுக்காக இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." பொய் சொல்லி வாங்கிய நம்பிக்கை உடைந்தால், அந்தக் குழந்தை இன்னொரு பெரியவரிடம் வாய் திறக்காது.

● தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராக, நிதானமாகக் கேட்பதற்கே ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. கேட்ட பிறகு பலருக்குச் சுமை குறைகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

● பட்டம் இல்லாதவர்கள் இந்த வேலையில் எதுவுமே செய்ய முடியாதா? செய்ய முடியும், ஒழுங்கான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தில் தொலைபேசியை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரத்துப் பாட்டிமார் 14 பேருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்து மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். பத்தாண்டு கழித்து 573 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த பெஞ்சில் பேசியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. பாட்டிமாருக்கு எந்தக் கட்டத்தில் மேலே அனுப்ப வேண்டும் என்றும் சொல்லித்தரப்பட்டிருந்தது. அதை மறந்துவிட்டு 'பாட்டி பேசினாலே போதும்' என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும்.

● யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' என்ற அமைப்பு போர்க்காலத்திலேயே உளவளத்துணையாளர்களை, அதாவது ஆலோசகர்களை, பயிற்றுவித்தது. ஒரு முழுச் சமூகமே இழப்பில் இருந்தபோது, மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் எப்படிக் காயப்படுத்துகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள், கிராமத்துப் பணியாளர்கள் போன்றோருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாக மக்களிடம் போவதே அங்கே சாத்தியமான வழியாக இருந்தது. கோயில் சடங்கும் ஈமக் கடனும் துயர் ஆற்றுகின்றன என்பதை அந்த அனுபவம் பாடமாகவே ஆக்கியது. தமிழில் இந்தப் படிப்புக்குப் பாடநூல் எழுதப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கலாம்.

● கணினி ஆலோசகராகுமா? 1966இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் வழி ஆலோசகரைப் போல, நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பித் தரும். அதோடு பேசத் தொடங்கிய அவருடைய செயலர், சற்று நேரத்தில் அவரையே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்! அந்த அனுபவம் வைசன்பாமைக் கலங்க வைத்தது; பிற்காலத்தில் அவர் கணினியின் எல்லைகளைப் பற்றியே எழுதினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் இலினாய் மாநிலம், செயற்கை நுண்ணறிவு தானாக உளசிகிச்சை தருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

● விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாரான 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஒரு தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ நியமிக்க வேண்டும். பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.

● 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசின் டெலி மானஸ் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

● கடைசியாக, முதுகலை உளவியலில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு. கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும்போது துறைத்தலைவரிடம் இதையும் கேளுங்கள்: "சார், இரண்டு வருஷத்துல எத்தனை மணி நேரம் நேரடியா ஆட்களோட வேலை செய்வோம்? எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளி? எங்க கூட உட்கார்ந்து கேஸைப் பார்த்துத் திருத்துறது யார்?" உடனே, எண்ணிக்கையோடும் பெயரோடும் பதில் வந்தால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.